பதினாலாயிரம் கிலோமீற்றரும் பத்தொன்பது மணித்தியாலமும்

யாழ்ப்பாணத்து நாளிதழ்களின் மரண அறிவித்தற் பகுதியைத் தவறாது படிக்கும் வழக்கமுடையோர்க்கு ஒரு வாக்கிய அமைப்பு மனப்பாடமாகியிருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதியன்று காலமானார் என்பதே அவ்வமைப்பு. புளியங்கூடலைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று எழுதும்போது அவ்விரு பெயர்களுக்கும் இடையே நிற்பது ஓர் உம்மை மாத்திரமே. அவ்வும்மைக்குள் எத்துணைத் தொலைவு அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

இதற்கு விடை கூறுதல் மிக எளிது என்பார் பலர். உலகம் சுருங்கிவிட்டது, ரொறன்ரோவும் யாழ்ப்பாணமும் அயல்வீடுகள் ஆகிவிட்டன, காலையிற் புறப்பட்டால் மறுநாள் வீட்டு வாசலில் நிற்கலாம் என்பது அன்னோர் கூற்று. ஊர்ச்சங்க ஆண்டுவிழா மேடைகளிலும், கோயிற் கும்பாபிடேக மலர்களின் வாழ்த்துரைகளிலும், விமான நிலையத் திறப்புவிழாக்களிலும் இக்கூற்றை நாம் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டோம். பழகியதனால் அதனை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இக்கூற்று பொய் என்பதும், வெறும் பொய்யாக நில்லாது ஒரு சாராருக்கு மிக வாய்ப்பாக அமைந்துவிட்ட பொய் என்பதும் எமது துணிபு.

கணக்கை முதலில் நேர்மையாகப் போட்டுப் பார்ப்போம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையம்வரை பூமியுருண்டையின்மீது வரையத்தக்க மிகக் குறுகிய கோட்டின் நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் ஆகும். பலாலியிலிருந்து அளந்தாற் சில நூறு கிலோமீற்றர் குறையும். வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான படத்தைப் பார்த்துப் பழகியோர், அக்கோடு அரபிக்கடலைத் தாண்டி, மத்தியதரைக்கடல் வழியாக, அத்திலாந்திக்கைக் கடந்து நேர்மேற்கே செல்லும் எனக் கருதுவர். உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே நூல் ஒன்றை இழுத்துப் பிடித்துப் பார்ப்பின் வேறொரு வழி தெரியும். அந்நூல் இந்தியாவின் மேலாக வடக்கே ஏறி, யூரல் மலைகளின் தென்புறத்தைத் தொட்டு, வடபனிக்கடலின் ஓரத்தாற் சென்று, கிறீன்லாந்தின்மேல் இறங்கிக் கனடாவுட் புகும். புவியியல் ஆசிரியர்கள் மாணவர்க்கு இதனைச் செய்து காட்டின் நன்று. தட்டைப் படம் விதைத்த பல மயக்கங்கள் ஒரு நூற்றுண்டினால் நீங்கும்.

ஆயின் அந்த நூலின்மீது பயணிகள் விமானம் எதுவும் பறப்பதில்லை. கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேர்ச்சேவை இல்லை. பெரும்பாலார் வளைகுடா நகரங்களுள் ஒன்றில் இறங்கி மாறிச் செல்கின்றனர். டுபாய் வழியாகச் செல்வோர்க்கு முதற்கூறு ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர், இரண்டாங்கூறு ஏறத்தாழ 11,100 கிலோமீற்றர். கூட்டினால் 14,400. நேர்க்கோட்டிலிருந்து விலகுவதால் ஏற்படும் மேலதிகம் நானூறு கிலோமீற்றர் மாத்திரமே என்பது வியப்புக்குரியது. முதற்கூறு நாலரை முதல் ஐந்து மணித்தியாலம், மற்றையது பதினான்கு மணித்தியாலமளவில். ஆகப் பத்தொன்பது மணித்தியாலம் வானிற் கழிகின்றது. உலகம் சுருங்கிற்று என்போர் கைக்கொள்ளும் எண் இதுவே. இவ்வெண்ணிற் பிழை இல்லை. விமானத்தைப் பொறுத்தவரை அஃது உண்மை. பிழை, அவ்வெண்ணை மனிதர்க்கும் உரியதாக்கியதில் உள்ளது.

விமானம் புளியங்கூடலிலிருந்து புறப்படுவதில்லை. சரவணைக்கும் நாரந்தனைக்கும் அயலாக, ஊர்காவற்றுறைத் தீவின் நடுவில் அமைந்த இவ்வூரிலிருந்து புறப்படுபவர், முதலிற் பண்ணைப் பாலத்தைக் கடந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் சென்று யாழ்ப்பாண நகரை அடைய வேண்டும். அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு வீதிவழியே ஏழெட்டு மணித்தியாலம். விமானம் கிளம்புவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கு நிற்க வேண்டும்; வழியில் ஏதும் நேர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தினால் நம்மவர் ஆறு மணித்தியாலம் முன்னதாகவே போய் நிற்பர். இடைநகரிற் காத்திருப்பு நாலு மணித்தியாலமாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். பியர்சனில் இறங்கியபின் குடிவரவு வரிசை, பொதிகளுக்கான காத்திருப்பு, ஸ்காபரோவரையான வீதி. எவ்வளவு சுருக்கிக் கணக்கிடினும் வீட்டிலிருந்து வீடுவரை ஒன்றரை நாளுக்குக் குறையாது. வானிற் கழிவது பாதி. தரையிற் கழிவது மறுபாதி. எழுபது வயதுத் தாயொருத்தி, ஆங்கிலம் அறியாதவள், முழங்கால் நோவுடையவள், இத்தரைப்பாதியை எவ்வாறு கடக்கிறாள் என்பதைப் பயண அட்டவணை சொல்வதில்லை.

இன்னொன்றையும் இவ்விடத்திற் கூறவேண்டும். வானூர்தியின் வேகம் ஆண்டுதோறும் பெருகிவருவதாகவும், அதனால் உலகம் மேன்மேலும் சுருங்கிவருவதாகவும் ஒரு நினைவு நம்மிடையே நிலவுகிறது. போயிங் 707 என்னும் தாரை விமானம் 1958 இற் பயணிகள் சேவைக்கு வந்தபோது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்திற் பறந்தது. இன்றைய விமானங்களும் அவ்வளவே பறக்கின்றன. ஒலியினும் விரைந்து சென்ற கொன்கோட் 1976 இற் சேவைக்கு வந்து 2003 இல் நின்றுபோயிற்று. ஆக, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் ஓரங்குலமும் மேற்கொண்டு சுருங்கவில்லை. இக்காலத்தில் மலிந்தது கட்டணம். பெருகியது பயணிகள் தொகை. அவை சிறியன அல்ல. எனினும் அவற்றைத் தொலைவின் அழிவென்று கூறுதல் பொருந்தாது.

மேலும், தொலைவு நிலையானதென்று எண்ணுவதும் தவறு. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் விரிந்ததைத் தொடர்ந்து இரசியா தன் வான்வெளியைக் கனடா, ஐரோப்பிய நாடுகள் உள்ளிட்ட பல நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. அவ்வழியாற் பறந்த விமானங்கள் பல மணித்தியாலம் சுற்றிச் செல்லலாயின. 2025 யூன் 23 ஆந் திகதி கட்டார் தன் வான்வெளியைச் சில மணித்தியாலம் மூடியபோது டோகா நோக்கிப் பறந்துகொண்டிருந்தவை வேறு நாடுகளுக்குத் திருப்பப்பட்டன. மலையும் கடலும் இருந்த இடத்திலேயே இருக்க, இரு நகரங்களுக்கு இடையேயான வழி ஓரிரவில் நீண்டுவிடுகிறது. வான்வழித் தொலைவு என்பது அரசுகள் அன்றன்று இணங்கித் தரும் ஒன்று. இதனை நன்கு அறிந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

ஏனெனில் நமது வரலாறே அதற்குச் சான்று. 1980களின் நடுப்பகுதியில் இலங்கைத் தமிழ் இளைஞர் பலர் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுட் புகுந்து புகலிடம் கேட்டனர். அவ்வழி அடைபட்டது. 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அலைந்துகொண்டிருந்த 155 தமிழர்களை அவ்விடத்து மீனவர் கண்டு காப்பாற்றினர். அவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து சரக்குக் கப்பலொன்றில் ஏற்றப்பட்டு நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். 2010 ஓகஸ்ட் 13 ஆந் திகதி சன் சீ என்னும் பழங்கப்பல் 492 தமிழர்களுடன் பிரித்தானிய கொலம்பியாக் கரையை அடைந்தது. தாய்லாந்துக் கடலிலிருந்து அங்கு வந்துசேர அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்தது. வந்தோரை வரவேற்றது தடுப்புக்காவல்.

இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அதே ஆண்டில், அதே திங்களில், அதே ஆசியாவிலிருந்து அதே கனடாவுக்கு ஒரு நாளுக்குள் ஏராளமானோர் பறந்தனர். அவர்கள் கையிற் கடவுச்சீட்டும் அதன் ஏடொன்றில் முத்திரையும் இருந்தன. முத்திரை இல்லாத 492 பேருக்கு அதே பயணம் மூன்று மாதம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை 1938 இல் அடைந்த செய்தியை நாம் பெருமையோடு பேசுகிறோம்; பேசவும் வேண்டும். ஆனால் அதற்கு எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், தாரை விமான யுகத்தின் நடுவில், நம்மவர் மீண்டும் மாதக்கணக்கிற் கடலிற் கிடந்தனர் என்பதைப் பெருமைக்குரிய அந்தச் செய்தியின் பக்கத்தில் வைத்துப் பேசுவதில்லை. உலகம் சுருங்கிற்று என்னும் மேடைப்பேச்சுக்கு அஃது இடையூறாகிவிடும்.

அவ்வாறு போய்ச் சேர்ந்தவர்க்குத் திரும்பும் வழியின் நீளம் என்ன என்பதும் கேட்கத்தக்கது. அகதியாக ஏற்கப்பட்டவர்க்கு வழங்கப்படும் பயணப்பத்திரம் எந்த நாட்டுக்கும் பயன்படலாம். விட்டுவந்த சொந்த நாட்டுக்கு மாத்திரம் பயன்படாது. நிரந்தர வதிவுரிமை பெற்றபின்னரும், அகதி நிலையில் இருந்தவர் சொந்த நாட்டுக்குச் சென்றுவந்தால் அவ்வுரிமையை இழக்கநேரலாம் என்னும் விதியைக் கனடா 2012 இற் சட்டமாக்கியது. குடியுரிமை பெறும்வரை ஊர் அவனுக்கு எட்டாத இடமே. தாய் இறந்தாள் என்னும் செய்தி நொடியில் வந்துசேரும். தான் போய்ச்சேர ஆண்டுகள் ஆகும். இத்தொலைவைக் கிலோமீற்றரில் எழுதுவது எவ்வாறு?

குடியுரிமை பெற்றவன் கதை வேறு. அவன் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பணத்தைக் கட்டினால் இலங்கைக்கு வரலாம். தாய் அவனிடம் போவதாயின் வங்கிக் கணக்குக் காட்ட வேண்டும், காணி உறுதி காட்ட வேண்டும், அழைப்புக் கடிதம் வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, போனால் திரும்பி வருவேன் என்று முகமறியா அலுவலர் ஒருவர் நம்பும்படி மெய்ப்பிக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் புளியங்கூடலை விட்டகலாத கிழவியிடம், நீ உன் ஊருக்குத் திரும்புவாய் என்பதற்கு என்ன சான்று என்று கேட்பது எத்துணை நகைப்புக்குரியது! மகனும் தாயும் அதே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் அமரக்கூடும். மகனுக்கு ரொறன்ரோ ஒன்றரை நாட்டொலைவு. தாய்க்கு அது சில மாதமாகவும் இருக்கலாம். மறுப்புக் கடிதம் வந்தால் எட்டாத் தொலைவாகவும் ஆகலாம். நகரங்கள் இரண்டும் மாறவில்லை, வழியும் மாறவில்லை. மாறியது கடவுச்சீட்டின் அட்டை. இரு நகரங்களுக்கு இடையே உள்ளதென நாம் கருதும் தொலைவு உண்மையிற் பயணம் செய்பவனிடத்தே உள்ளது.

பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் திட்டத்துக்குக் கனடா 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளிற் குலுக்கல் முறையைக் கையாண்டது. 2019 இல் முந்தியவர்க்கே இடம் என்றபோது, வாயில் திறந்த சில நிமிடங்களுக்குள் எல்லா இடங்களும் நிரம்பின. 2020 இற் பெயர் கொடுத்தோர் பட்டியலிலிருந்தே பின்வந்த ஆண்டுகளிலும் தெரிந்தெடுத்தனர். அவ்வாண்டு பெயர் கொடாதவர்க்குக் குலுக்கலிற் பங்கும் இல்லை. அதிட்டலாபச் சீட்டு இழுப்பதுபோல் ஒரு தாயின் முதுமைக்கு நாட்குறிக்கும் நாட்டைப் பார்த்துத் தொலைவு ஒழிந்தது என்று பாராட்டுரை வழங்குவோரை என்னென்பது! சென்றுதங்கும் நீண்டகால விசா ஒன்று 2011 இறுதியிலிருந்து உண்டு, அது நல்லதே. ஆயினும் அதற்கு மகனின் வருமானம் வரையறுத்த அளவை எட்டவேண்டும், மருத்துவக் காப்புறுதி வாங்கவேண்டும். தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவனுக்கும் கணக்காளனுக்கும் தாய் ஒரே தொலைவில் இல்லை என்பதே அதன் பொருள்.

இனி மறுபக்கத்தாரையும் நோக்குவோம். தொலைவு மனத்திலேதான் உண்டு. அன்பிருந்தால் தூரம் ஏது என்று உருகுவோர் இவர்கள். கவியரங்குகளில் இக்கருத்துக்குக் கைதட்டல் கிடைப்பது உறுதி. முற்கூறியவர்களைவிட இவர்களே அதிகக் கேடு செய்கின்றனர் என்பது எம் எண்ணம். முன்னையோர் தொலைவை எண்ணாகவேனும் ஒப்புக்கொள்கின்றனர். இவர்கள் அதனைப் பிள்ளைகளின் நெஞ்சிற் குற்றமாக ஏற்றிவிடுகின்றனர். வரமுடியாதவன் அன்பில்லாதவன் ஆகிவிடுகிறான். விசா மறுத்த அலுவலகம் வாளா இருக்க, மகன் தலைகுனிகிறான். தொலைவு மனத்தில் இல்லை. அது அலுவலகங்களின் மேசைகளிலும் சட்டப் புத்தகங்களிலும், சோதனைச் சாவடிகளிலும் உள்ளது. இருக்கும் இடத்தை அறிந்தாலன்றோ அதனோடு போராட முடியும்?

சாவடி என்றதும் தீவகத்தார்க்கு நினைவு வரவேண்டியது ஒன்றுண்டு. 1990 ஓகஸ்டிலும் 1991 ஒக்ரோபரிலும் நடந்த இராணுவ நடவடிக்கைகளை அடுத்து ஊர்காவற்றுறைத் தீவிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். தீவுகள் அரச படையினர் கையிலும் யாழ்ப்பாண நகர் விடுதலைப் புலிகள் கையிலும் இருந்த 1995 இறுதிவரை, பண்ணைக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் எதிர்க்கரை தெரியும், ஆனால் போகமுடியாது. அக்காலத்தில் நகரத்துக் கோயில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒதுங்கியிருந்த புளியங்கூடல் மக்களுட் சிலர், இருபுறத்தாரிடமும் அனுமதி பெற்று, கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகாற் கடந்து, வவுனியா வழியாகக் கொழும்பு சேர்ந்து, அங்கிருந்து உலகின் மறுகோடியை அடைந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குச் சென்றடைவது இயன்றது. இருபது கிலோமீற்றருக்குள் இருந்த சொந்த வீட்டுக்குச் செல்வது இயலவில்லை. இரு நகரங்களின் வான்வழித் தொலைவைக் கணித்துத்தரும் எந்தக் கருவியிடமும் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

சென்னையின் கதையும் இத்தகையதே. பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்பைவிடச் சிறிதே கூடுதல். 1947 டிசெம்பரில் எயார் சிலோன் தன் முதற்சேவையைத் தொடங்கியபோது அவ்விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகவே சென்னைக்குப் பறந்தது. தலைமன்னாருக்கும் இந்தியக் கரைக்கும் இடையே 1914 இல் தொடங்கிய கப்பற்சேவை, 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேசுவரத்திலிருந்து நடந்து, 1984 இல் நின்றது. அதற்குப்பின் 2019 வரை யாழ்ப்பாணத்தான் சென்னை செல்வதாயின் தெற்கே 400 கிலோமீற்றர் கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்து 650 கிலோமீற்றர் வடக்கே பறந்தான். முந்நூற்றைம்பதுக்கு ஆயிரத்தைம்பது. கடல் அகலவில்லை. அரசுகள் அகன்றன.

2019 ஒக்ரோபர் 17 ஆந் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. ஐந்து மாதத்துள் கொள்ளைநோய் அதனை நிறுத்தியது. 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்ரெம்பரில் இரண்டாவது நிறுவனமொன்றும், 2025 மார்ச்சிலிருந்து திருச்சிக்கான சேவையும் சேர்ந்தன. எழுபதெண்பது பேர் ஏறத்தக்க சுழல்விசிறி விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னையிற் கொண்டுபோய் இறக்குகின்றது. இதனை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். ஆனால் அரசியல் மேடைகளில் இதனை அறிவியலின் வெற்றி என்று கூறும்போது சிரிக்கத் தோன்றுகிறது. 1947 இல் டக்கோட்டா விமானம் செய்த வேலையை, நீண்ட இடைவெளியின்பின் மீளப்பெற்றிருக்கிறோம், அவ்வளவே.

அயல்நாட்டாரின் வருகையை ஓர் அரசு எவ்வாறு நோக்கியது என்பதற்கு நம் தீவகத்திலேயே பழஞ்சான்று உண்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், பல துறைகளிலிருந்தும் அவர்கள் இத்துறைக்கு வந்துசேர வேண்டும் என்பது அதன் கருத்து. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலங்கள் சேதமுற்றாற் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், வணிகச் சரக்குக் கலங்களாயின் செப்பாதி என்றும் அது வரையறுக்கிறது. அம்மன்னனை நாம் புகழ வரவில்லை. யானையும் குதிரையும் அவனுடைய படைக்குத் தேவையாயிருந்தன. ஆயினும், ஒரு துறையை மற்றத் துறைக்கு அண்மையாக்குவது பாயும் காற்றும் மாத்திரமல்ல, கரையில் நிற்கும் அரசின் விதியுமாகும் என்பதை அக்கல்லை வெட்டியவர்கள் அறிந்திருந்தனர். நமது விழாப் பேச்சாளர்கள் இன்னும் அறிந்தாரில்லை.

விமானம் நமக்கு ஒன்றும் செய்யவில்லையோ என்று கேட்கலாம். செய்தது. இன்று புளியங்கூடலில் ஒருவர் இறந்தால், "மகன் வெளிக்கிட்டிட்டானாம், நாளையிண்டைக்குத்தான் எடுப்பினம்" என்று சொல்லிக்கொள்கின்றனர். உடலை இரண்டு மூன்று நாள் பேணிவைத்துப் பிள்ளை வந்தபின் கொள்ளிவைக்க முடிகின்றது. முன்னாளில் மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போனவனுக்கு இஃது இயலாது. தந்தி வரும், அவன் அங்கே முழுகுவான். ஆனால் அதே மலாயாக்காரன் ஓய்வூதியம் பெற்றதும் கப்பலேறி ஊருக்குத் திரும்பினான். வீடுகட்டினான், கிணறு வெட்டினான், வாசிகசாலையில் உட்கார்ந்து பத்திரிகை படித்தான். நாட்கணக்கிற் கப்பல் ஓடிய காலத்தில் ஊர் நிறைந்திருந்தது. பத்தொன்பது மணித்தியாலத்தில் வரக்கூடிய காலத்தில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இதற்குப் போரே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது காரணம் நாம் முன்னர்க் கூறிய பொய். எப்போது வேண்டுமாயினும் வரலாம் என்று நம்புகின்றவன் இந்த ஆண்டு வரமாட்டான். எப்போதும் வந்துவிடுவான் என்று நம்பும் ஊர், தனித்துவாழும் முதியவர்க்கென ஓர் ஒழுங்கும் செய்யமாட்டாது. திருவிழாவுக்கு மகன் வந்து நிற்கும் பத்து நாளைக் கண்டு எல்லாம் சரியாயிற்று என்று கருதிவிடுகிறோம். மற்ற முந்நூற்றைம்பத்தைந்து நாளும் தாய் கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டுமொத்தமாகப் புலம்பெயர்ந்தோரைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. திரையில் ஈமக்கிரியையைப் பார்த்து அழுதவர்கள் அவர்களுள் எத்தனையோ பேர்.

பலாலி ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானங்கள் இறங்கும்; வளைகுடா நகரங்களுக்கு நேரே பறக்கலாம்; கட்டுநாயக்காவரையான இரவுப்பயணம் ஒழியும் என்று சிலர் கூறுகின்றனர். ஏழெட்டு மணித்தியாலம் மிச்சமாகும் என்பது உண்மை; அதனைப் பெறுவோருள் எழுபது வயதுத் தாயும் இருப்பாள். எனினும் அவ்வோடுபாதையைச் சூழ்ந்த நிலம் யாருடையது? வலிகாமம் வடக்கு மக்களுடையது. அவர்கள் 1990 இல் வெளியேறினர். சிறிது சிறிதாக நிலம் விடுவிக்கப்பட்டு வருகிறது. இன்றும் ஒரு பகுதி விடுவிக்கப்படவில்லை. அங்கே வசாவிளான் பலாலி வீதி ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளின்பின் 2025 ஏப்ரிலில், அதுவும் நிபந்தனைகளோடு, திறக்கப்பட்டது. முகாமொன்றிலிருந்து சில கிலோமீற்றர் நடந்து தன் வளவுக்குப் போக முப்பது ஆண்டு காத்திருந்தவனின் காணியை எடுத்து, ரொறன்ரோக்காரனின் எட்டு மணித்தியாலத்தைக் குறைப்பது நீதியாகாது. உரியவர் இணங்கி, உரிய ஈடு பெற்று, எஞ்சிய நிலம் முழுதும் விடுபட்டபின் ஓடுபாதையை நீட்டுங்கள். அதுவரை தீவகத்தார் கட்டுநாயக்காவுக்கே போகட்டும். எம் ஊராருட் பலர்க்கு இது பிடியாது என்பதை அறிந்தே கூறுகின்றோம்.

நாம் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் நம் ஊர்ச்சங்கங்கள் உள்ளன. கோபுரத்துக்கும் தேர்முட்டிக்கும் பணம் திரட்டும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. அவ்வாற்றலிற் சிறிதை ஒரு கணக்கெடுப்புக்குச் செலவிடட்டும். தனித்து வாழும் பெற்றோர் எத்தனை பேர், விசாவுக்கு எத்தனை முறை விண்ணப்பித்தனர், எத்தனை மாதம் காத்திருந்தனர், எக்காரணம் கூறி மறுக்கப்பட்டனர் என்று ஊர்தோறும் எழுதி ஒரு பட்டியலாக்குதல் வேண்டும். தேர்தற்காலத்தில் ஸ்காபரோவில் நம் வாக்கைக் கேட்டு வருவோரிடம், பொங்கல் விழாவில் வேட்டியுடுத்து நின்று படமெடுப்பதற்கு முன்னர், அப்பட்டியலைக் கையிற் கொடுத்து விடை கேட்கலாம். கனடாவின் நாடாளுமன்றத்துக்குத் தமிழரே தெரிவாகியுள்ள காலம் இது; கேட்பதற்கு ஆளில்லை என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. பட்டியலின் முதற்பக்கத்தைப் புளியங்கூடலிலேயே தொடங்கலாம். ஒரு பிற்பகல் போதும். விளக்கெரியும் வீடுகள் அங்கே எண்ணத்தக்க அளவிலேயே உள்ளன.